யானையை யானையாகவே காட்டியவர்

நீலக்கடலுக்குள் ஒரு யானை நீந்துகிறது. தும்பிக்கை நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிறது. நான்கு கால்களும் அடியில் மெதுவாக நடை போடுகின்றன. அந்தமானில் எடுத்த இந்தப் படத்தை எங்காவது ஒரு காலண்டரிலோ பத்திரிகையிலோ பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள்.

அந்த யானையின் பெயர் ராஜன். அது ஆசைப்பட்டுக் கடலில் இறங்கியது அல்ல. காட்டு மரம் இழுப்பதற்காக அந்தமானுக்குக் கொண்டு போகப்பட்ட யானைகளில் அதுவும் ஒன்று. ஒரு தீவில் மரம் தீர்ந்தால் அடுத்த தீவுக்குப் போக வேண்டும். அதற்காக அந்த யானைகளை நீந்தப் பழக்கினார்கள். 2002ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவால் மரம் வெட்டுவது கட்டுப்படுத்தப்பட்டது. யானைக்கு வேலை போயிற்று. பிறகு சுற்றுலாப் பயணிகளுக்காகவும் போட்டோக்காரர்களுக்காகவும் ஹேவ்லாக் தீவுக் கடலில் நீந்தியது. 2016ல் இறந்தது.

படம் அழகுதான். ஆனால் மரம் இழுத்த வருடங்கள் அந்தப் படத்தில் இல்லை. பார்க்கிறவர் கண்ணுக்கு விருந்தாக எடுத்த படம் அது.

இதற்கு நேர்மாறாக, விலங்கு தன் போக்கில் என்ன செய்கிறதோ அதை மட்டுமே எடுப்பேன் என்று ஆயுள் முழுவதும் காடு காடாக அலைந்த ஒரு தமிழர் இருந்தார். அவர் பெயர் மா. கிருஷ்ணன். உத்தியோகம் போன பிறகு இன்னொரு உத்தியோகம் தேடாமல், பேனாவையும் காமிராவையும் மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தியவர் அவர்.

உப்பு இலாகா அதிகாரியின் மகன்

1912ம் ஆண்டு ஜூன் 30ந் தேதி திருநெல்வேலியில் கிருஷ்ணன் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் அவரே கடைக்குட்டி. தந்தை அ. மாதவையா, தமிழ் நாவல்களின் தொடக்க காலத்தில் "பத்மாவதி சரித்திரம்" எழுதியவர். பிழைப்புக்கு வெள்ளைக்கார சர்க்காரின் உப்பு இலாகாவில் அதிகாரியாக இருந்தார். எழுத்துக்காகவே முன்னதாக ஓய்வு பெற்று, சென்னை மயிலாப்பூரில் வீடு கட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்குச் சொந்த ஊரின் பெயரையே வைத்து "பெருங்குளம் இல்லம்" என்றார்.

1925ல் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று மாதவையா பேசினார். பேசி முடித்து உட்கார்ந்தவர் அங்கேயே சாய்ந்து உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13. மூத்த சகோதரி லட்சுமிதான் தம்பியைப் பார்த்துக்கொண்டார்.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டு, மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் பைசன் என்ற ஆங்கிலேயர். நீலகிரி, பழனி மலைகளின் செடிகொடிகளைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் எழுதியவர். அவர் மலைக்குப் போகும்போது கிருஷ்ணனும் கூடப் போவார். பேராசிரியரின் மனைவி நன்றாக வரைவார். அவரிடம் கிருஷ்ணன் வர்ணம் தீட்டக் கற்றார். ஒரு இலையையோ ஒரு பூவையோ இருக்கிறபடியே வரைய வேண்டும், அழகுக்காக ஒரு கோடு கூட்டக் கூடாது என்பது தாவரவியல் சித்திரத்தின் சட்டம். பிற்காலத்தில் அவருடைய காமிராவும் அந்தச் சட்டத்துக்கே கட்டுப்பட்டது.

பட்டம் உண்டு, வேலை இல்லை

1931ல் பி.ஏ. பட்டம் பெற்றார். அடுத்து எம்.ஏ.யும் சட்டமும் படித்தார். ஆனால் மதிப்பெண்கள் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சொந்த அண்ணன் அனந்தநாராயணன் ஐ.சி.எஸ். தேறியவர், பின்னாளில் சென்னை ஐகோர்ட்டு தலைமை நீதிபதியாகவே ஆனவர். அப்படிப்பட்ட வீட்டில் தம்பிக்கு நிலையான வேலை கிடைக்கவில்லை.

சிறு சிறு வேலைகள் பார்த்தார். பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார், கேலிச்சித்திரம் வரைந்தார். இதற்கிடையே 1937ல் பெங்களூர்ப் பெண் இந்துமதியை மணந்தார். குடும்பம் ஆயிற்று, வருமானம் ஆகவில்லை.

1942ல்தான் விடிவு வந்தது. அதுவும் சென்னையில் அல்ல, இன்று கர்நாடகத்தில் இருக்கும் சண்டூரில்!

மகாராஜா கொடுத்த வேலை

பெல்லாரிக்குப் பக்கத்தில் மலைகள் சூழ்ந்த சிறிய சமஸ்தானம் சண்டூர். கோர்படே என்ற மராட்டிய வம்சத்தார் ஆண்டு வந்தார்கள். இரும்புத் தாதுவும் மாங்கனீசும் நிறைந்த மண். இன்று அந்தப் பக்கம் சுரங்கத்துக்கும் ஓஸ்பேட் வழியாக ரெயிலுக்கும் வேலைக்குப் போகும் நம்மவர்களுக்கு அந்தச் செம்மண் தூசி பழக்கமானது.

அங்கே கிருஷ்ணன் பார்க்காத வேலை இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார், கோர்ட்டில் நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவுக்குச் செயலாளர் என்று ஒன்றன் பின் ஒன்றாக நாற்காலிகள் மாறின. சின்ன சமஸ்தானத்தில் படித்த ஒருவர் கிடைத்தால் அப்படித்தான்!

ஆனால் கச்சேரி முடிந்ததும் அவர் கால் காட்டுப் பக்கம்தான் போகும். ஆடு மேய்த்தார். புறா வளர்த்தார், அவற்றைத் தபால் கொண்டு போகவும் பழக்கினார். முட்காட்டிலும் மலைச் சரிவிலும் தனியாகச் சுற்றினார். பறவை எப்போது கூடு கட்டுகிறது, எந்தக் குளத்துக்கு எந்த மிருகம் எந்த நேரத்தில் வருகிறது என்று பார்த்துப் பார்த்துக் குறித்தார். ஆடு மேய்ப்பவனுக்கு உள்ள பொறுமை சண்டூரில்தான் அவருக்கு வாய்த்தது. விலங்குகளைப் படம் எடுக்க அதுவே முதல் தேவை.

1949ல் சண்டூர் இந்தியாவோடு இணைந்தது. சமஸ்தானம் போனதும் சமஸ்தான வேலையும் போயிற்று. கிருஷ்ணன் அப்போது நடு வயதில் இருந்தார். மனைவியும் மகனும் உண்டு.

15 நாளுக்கு ஒரு கட்டுரை

மயிலாப்பூருக்குத் திரும்பினார். தந்தை கட்டிய வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு வீட்டில் குடியேறினார். மறுபடியும் எங்கும் போய் மாதச் சம்பளத்துக்கு உட்காரவில்லை.

1950ல் கல்கத்தாவிலிருந்து வெளிவரும் "ஸ்டேட்ஸ்மன்" ஆங்கில நாளேட்டில், 15 நாட்களுக்கு ஒரு முறை ஒரு பகுதி எழுதத் தொடங்கினார். "நாட்டுப்புறக் குறிப்பேடு" என்று பொருள்படும் தலைப்பு. சித்திரங்களையும் அவரே வரைந்தார். காக்கை, அணில், பல்லி, கீரி, பெருச்சாளி, கழுதை, எருமை எதையும் அவர் விடவில்லை. புலியும் யானையும்தான் எழுதத் தக்கவை என்று அவர் நினைக்கவில்லை. கொல்லைப்புறத்தில் நடப்பதும் காட்டில் நடப்பதும் அவருக்கு ஒன்றே. 1961ல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயரே "காடும் கொல்லையும்" என்ற பொருளில் அமைந்தது.

இந்தப் பகுதி எத்தனை காலம் வந்தது தெரியுமா? 46 ஆண்டுகள்! ஆசிரியர்கள் மாறினார்கள், கிருஷ்ணனின் பகுதி மாறவில்லை. மயிலாப்பூரில் எழுதிய கட்டுரைக்காகக் கல்கத்தாவில் வாசகர்கள் காத்திருந்தார்கள்.

தமிழையும் அவர் விடவில்லை. பெரியசாமித் தூரன் தலைமையில் வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு விலங்குகளையும் பறவைகளையும் பற்றி எழுதினார். சங்க நூல்களில் வரும் விலங்கும் மரமும் எவை என்று காட்டில் கண்டதோடு ஒத்துப் பார்த்தார்.

ஒட்டுப்போட்ட காமிரா

அவருடைய காமிரா ஒரு தனிக்கதை. வெளிநாட்டு லென்சை எளிதில் இறக்குமதி செய்ய முடியாத காலம் அது. செய்ய முடிந்தாலும் கட்டுரைக் கூலியில் வாங்க முடியாது. ஒரு காமிராவின் உடல், வேறொன்றின் லென்ஸ், இன்னொன்றின் பாகம் என்று பலவற்றைச் சேர்த்துத் தமக்கென்று ஒரு கருவி செய்துகொண்டார். பெரிது, கனமானது, பார்க்க வேடிக்கையானது. அதற்குத் தாமே ஒரு கேலிப் பெயரும் வைத்திருந்தார், "சூப்பர் பாண்டரோசா" என்று!

எடுத்தவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்களே. உலகம் கலருக்கு மாறிய பின்பும் அவர் மாறவில்லை. கலர் கண்ணை மயக்கும். கறுப்பு வெள்ளையில் தோலின் சுருக்கம், கொம்பின் வளையம், காதுக் கிழிசல் எல்லாம் துல்லியமாக விழும். அழகுக்காக அல்லாமல் அடையாளத்துக்காக எடுக்கிறவருக்கு அதுதான் வேண்டும்.

இன்று போன் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இதில் என்ன கஷ்டம் என்று புரியாது. விலங்குகள் அதிகம் நடமாடுவது விடியற்காலையும் அந்தியும். வெளிச்சம் குறைந்த நேரம். அந்தக் காலத்து பிலிமுக்கோ நிறைய வெளிச்சம் வேண்டும். தூரத்தைக் கிட்டக் காட்டும் லென்ஸ் போட்டால் கை சற்று நடுங்கினாலும் படம் கலங்கிவிடும். ஒரு சுருளில் சில படங்கள்தான். ஒவ்வொன்றும் காசு. எடுத்தது விழுந்ததா இல்லையா என்பது ஊர் திரும்பி, இருட்டறையில் பிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும். ஒரு வாரம் காட்டில் கிடந்து ஒரு படமும் தேறாமல் போவதுண்டு.

யானை மேல் இருந்து யானையைப் படம்

அவருக்கு முன்னும் இந்தியக் காடுகளில் படம் எடுத்தவர்கள் உண்டு. ஐக்கிய மாகாணத்தில் காட்டிலாகா அதிகாரியாக இருந்த சாம்பியன் என்ற ஆங்கிலேயர் பெரிய கெட்டிக்காரர். புலி நடக்கும் பாதையில் ஒரு கம்பியைக் கட்டி வைப்பார். இரவில் புலியின் கால் பட்டதும் வெளிச்சம் பளிச்சிட, காமிரா தானே படம் எடுக்கும். 1927ல் வந்த அவருடைய புத்தகம் உலகப் புகழ் பெற்றது. துப்பாக்கிக்குப் பதிலாகக் காமிராவைக் கொண்டு போகலாம் என்று வேட்டைக்காரர்களுக்குக் காட்டியவர் அவர்.

கிருஷ்ணன் வழி வேறு. பகலில், கண்ணால் பார்த்து, உரிய கணத்துக்குக் காத்திருந்து எடுப்பது. காட்டு வழி தெரிந்த ஆட்களோடு கால்நடையாகப் போவார். அல்லது முதுமலை போன்ற இடங்களில் காட்டிலாகாவின் வளர்ப்பு யானை மேல் ஏறிப் போவார். யானை மேல் வரும் மனிதனை மற்ற விலங்குகள் அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. காட்டெருமை மேய்ந்துகொண்டே இருக்கும். மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லுக்குக் குனியும். ஆனால் யானையின் முதுகு சும்மா நிற்காது. அது மூச்சு விட்டாலே மேலே இருக்கும் காமிரா ஆடும். பாகனும் யானையும் காமிராக்காரரும் ஒன்றாக மூச்சடக்கினால்தான் படம்!

போஸ் கொடுக்காத விலங்குகள்

யானை என்றால் நமக்குக் கோவில் வாசலில் நெற்றிப்பட்டம் கட்டி நிற்கும் யானைதான் நினைவுக்கு வரும். காட்டு யானை அப்படி இருக்காது. சேற்றை வாரி முதுகில் போட்டுக்கொள்ளும். மண் தூசியை ஊதிக்கொண்டு செம்மண் நிறத்தில் நிற்கும். நின்றபடியே தூங்கி வழியும். மதம் பிடித்த கொம்பனின் கன்னத்தில் எண்ணெய் வடிந்தது போல் கறை இறங்கியிருக்கும். குட்டி, தாயின் வயிற்றுக்கு அடியில் கால்களுக்கு நடுவே ஒளிந்து நிற்கும். காட்டெருமையின் மேல் ஈ மொய்க்கும். எட்டாத தழைக்காக மான் பின்னங்கால்களில் எழும்பி நிற்கும். மரத்து மேல் மந்தி பாதி தின்று எறியும் தழையைக் கீழே புள்ளிமான் கூட்டம் பொறுக்கித் தின்னும்.

பார்க்க அழகில்லாத, ஆனால் உண்மையான இந்தக் கணங்கள்தான் கிருஷ்ணனுக்கு முக்கியம். ஒரு விலங்கின் குடும்ப வாழ்க்கை, பசி, பயம், சண்டை எல்லாம் அவற்றில்தான் தெரியும்.

கல்யாண போட்டோவில் யாரும் தம் உண்மை முகத்தைக் காட்டுவதில்லை. வேலை செய்யும்போதும் சாப்பிடும்போதும் அசந்து தூங்கும்போதும்தான் மனிதன் எப்படிப்பட்டவன் என்று தெரியும். விலங்குக்கும் அதே கணக்குதான்.

கூண்டுக்குள் இருப்பதையும் வேலிக்குள் விட்டதையும் படம் எடுப்பது சுலபம். அவர் தேடிப் போனது கட்டில்லாமல் திரியும் விலங்கை. அது தம்மைக் கவனித்துத் திரும்பிப் பார்க்கும் படத்தைவிட, தம்மை மறந்து தன் காரியத்தைப் பார்க்கும் படமே அவருக்கு மேலானது.

படமே சாட்சி

இந்தப் பிடிவாதத்தின் பலன் பிறகு தெரிந்தது. 1968ல் அவருக்கு ஜவாஹர்லால் நேரு நினைவு உதவித்தொகை கிடைத்தது. தென்னிந்தியக் காடுகளின் பெரிய பாலூட்டிகளை ஆராய அந்தப் பணம் உதவியது. 1959 முதல் 1970 வரை அவர் நேரில் கண்டவற்றைத் தொகுத்து எழுதிய ஆராய்ச்சியை, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975ல் புத்தகமாக வெளியிட்டது.

தொழில்முறை ஆராய்ச்சியாளர் அல்ல அவர். அவருக்கு ஆய்வுக்கூடமும் கிடையாது. எங்கே, எப்போது, எந்த விலங்கு, என்ன செய்துகொண்டிருந்தது என்பதற்கு அவர் கையில் இருந்த சாட்சி, கண்ணும் குறிப்பேடும் படமும்தான். அழகுக்காக எடுத்த படமாக இருந்தால் இந்தச் சாட்சி நின்றிருக்காது.

அவருக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது. காட்டு விலங்கு வாரியத்தில் இடம் கிடைத்தது. 1973ல் புலிகளைக் காக்கும் திட்டம் தொடங்கியபோது அதன் வழிகாட்டுக் குழுவிலும் இருந்தார். அங்கும் அவர் தலையாட்டிவிட்டு வருகிற ஆள் அல்ல. நம் மண்ணுக்கு உரிய மரமும் செடியும் இருந்தால்தான் நம் விலங்கு வாழும், வெளிநாட்டு மரங்களை நட்டுக் காடு என்று சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. இதற்காக அதிகாரிகளோடு வாதாடினார். அதனால் சிலருக்கு அவரைப் பிடிக்காமலும் போயிற்று. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

இரும்புத் தாது மண்ணான சண்டூரிலும் ஒரு விதை முளைத்தது. அந்த அரச குடும்பத்தில் பிறந்த எம்.ஒய். கோர்படே, கர்நாடகத்தில் நிதியமைச்சராக இருந்தவர், காட்டு விலங்குகளைப் படம் எடுப்பதிலும் பெரும் பெயர் பெற்றார். பெங்களூரில் வாழ்ந்து உலகப் புகழ் பெற்ற தமிழர் டி.என்.ஏ. பெருமாள், கிருஷ்ணனின் படங்களையும் எழுத்தையும் தொகுத்து 2006ல் புத்தகமாகக் கொண்டு வந்தவர்களில் ஒருவர். பெருமாள் 2017ல் மறைந்தார்.

கடைசி ஞாயிறு

வயது 80ஐத் தாண்டிய பிறகும் கிருஷ்ணனின் பகுதி நிற்கவில்லை. 1996ம் ஆண்டு பிப்ரவரி 18ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, அவருடைய கட்டுரை வழக்கம் போல் அச்சாகி வெளிவந்தது. அதே நாளில் அவர் காலமானார். வயது 83. வேலை பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார் என்று ஊரில் சொல்வார்களே, அதற்கு இதைவிட வேறு உதாரணம் இருக்க முடியாது.

சொத்து என்று அவர் சேர்த்தது, காகிதங்களும் பிலிம் சுருள்களும்தான். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து, "மழைக்காலமும் குயிலோசையும்" என்ற பெயரில் 2002ல் புத்தகம் வந்தது. நல்ல தமிழில் காக்கையையும் குயிலையும் யானையையும் படிக்க விரும்புகிறவர்கள் தேடிப் படிக்கலாம்.

இன்று எல்லார் கையிலும் காமிரா இருக்கிறது. விடுமுறை என்றால் மைசூர் வழியாக ஊட்டிக்குப் போகிறோம். பண்டிப்பூர், முதுமலைச் சாலையில் யானை நின்றால் வண்டியை நிறுத்தி இறங்கி, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். ஆரன் அடித்து அதைத் திரும்பிப் பார்க்க வைக்கிறார்கள். அது மிரள்கிறது, துரத்துகிறது. பிறகு யானை மேல் பழி!

நடு வயதில் உத்தியோகம் இழந்த மனிதர், ஒட்டுப்போட்ட காமிராவோடு 46 ஆண்டு காத்திருந்து சொல்லிவிட்டுப் போனது ஒரே பாடம்தான். யானை நமக்காகக் கடலில் நீந்த வேண்டாம், நமக்காகத் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். அது பாட்டுக்குச் சேற்றை வாரி முதுகில் போட்டுக்கொள்ளட்டும். வண்டிக்குள் உட்கார்ந்து, எட்ட நின்று, பேசாமல் பார்த்தால் போதும். அப்போது எடுத்த படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் இருப்பது உண்மையான யானை.